ஆர்.சி. புக்கில் உள்ள வண்டி

இல்லை சார், 'பேருந்தில் பயணம் செய்யும்போது தவறிவிட்டது' என்று டைப் அடிக்காதீர்கள். அது போன மாசத்து மனு. அந்தத் தாளை உருவிவிடுங்கள். இது வேறு.

நீங்கள்தான் அடித்துக் கொடுத்தீர்கள், நினைவில்லையா? பூமிநாதன், மதுரை. ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார். ஆர்.சி. புக் தொலைந்துபோய் டூப்ளிகேட் கேட்டு வந்தேன். எங்கே தொலைந்தது என்று கேட்டீர்கள். வீடு மாறும்போது என் மனைவி பழைய பேப்பரோடு சேர்த்துப் போட்டுவிட்டாள் என்றேன். அதெல்லாம் ஸ்டேஷனில் எடுக்க மாட்டார்கள், எல்லோருக்கும் பஸ்ஸில்தான் தொலையும் என்று சொல்லி நீங்களே மதுரை–தேனி பஸ் என்று போட்டீர்கள். எனக்குப் பொய் பிடிக்காது. ஆனாலும் கையெழுத்துப் போட்டேன். ஊரே அப்படித்தான் போடுகிறது என்றீர்கள்.

இந்தத் தடவை பஸ் வேண்டாம். இந்தத் தடவை ஆள் இருக்கிறது. பெயர், விலாசம், உறவுமுறை, எல்லாம் இருக்கிறது. 'நம்பிக்கை மோசடி' என்ற சொல் கட்டாயம் வர வேண்டும். முதல் வரியிலேயே வந்தாலும் சரி.

சுருக்கமாகச் சொல்வதா? சுருக்கமாகச் சொன்னால் உங்களுக்கு என் பக்கம் புரியாது. நேற்று என் மனைவியிடம் சுருக்கமாகத்தான் சொன்னேன். சிரித்தாள். அப்புறம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சுருக்கமாகச் சொன்னதன் பலன் அது. மனு அடிக்க வேறு ஆள் இன்னும் வரவில்லையே, கேளுங்கள்.

என் அப்பாவுக்குப் போடியில் ஏலக்காய் கமிஷன் வியாபாரம். தெருவில் முதல் கார் எங்களுடையதுதான். பால் வெள்ளை, மேல்பாதி நீலம். அப்பா காரில் மலைக்குப் போய்விட்டு வந்தால் கதவைத் திறக்கும்போதே வாசனை இறங்கும். சாக்கு சாக்காகப் பின்சீட்டில் போட்டுக்கொண்டு வருவார். அந்த வாசனை சீட்டுக்குள் போய்விட்டது. கழுவினாலும் போகாது. நான் ஓட்டப் பழகியது அந்த வண்டியில். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, நான் தப்பாகக் கியர் போட்டால் தலையில் தட்டுவார். இப்போதும் கியர் மாற்றும்போது எனக்குத் தலை குனியும்.

அப்பா போனதும் பாகம் பிரித்தோம். நானும் அக்காவும்தான். அக்கா செண்பகம், என்னைவிட எட்டு வயசு மூத்தவள். நான் கேட்டது அந்தக் கார் ஒன்றுதான் சார். வேறு எதுவும் கேட்கவில்லை. மதுரை வீட்டை அப்பா உயிரோடு இருக்கும்போதே என் பெயருக்கு எழுதிவிட்டார், அது பாகத்தில் வராது. போடி வீடு பழசு, ஓட்டு வீடு, பின்னால் ஒரு குடோன். அதை அக்காவுக்கு விட்டுக்கொடுத்தேன். அம்மாவும் அங்கேயே இருந்துகொண்டாள், அவளுக்கு மதுரைத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது. காரை என் பெயருக்கு மாற்றி வாங்கினேன். புக்கில் என் பெயர் இருந்தது. 'பூமிநாதன், உரிமையாளர்'.

மதுரை வீட்டில் கார் நிறுத்த இடமில்லை. ஒரு வருஷம் குடோனில் நிற்கட்டும் என்று அத்தானிடம் சொன்னேன். அக்கா வீட்டுக்காரர். வேலாயுதம். அவர் பெயரைத்தான் நீங்கள் அடிக்கப்போகிறீர்கள். "நிக்கட்டும்ப்பா, அது பாட்டுக்கு நிக்கப்போவுது" என்றார். ஒரு வருஷம் அப்படியே நீண்டுவிட்டது. வேலை, மாற்றல், பிள்ளைகள் படிப்பு. உங்களுக்குத் தெரியாதா.

ஆனால் மறந்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. வருஷம் தவறாமல் ஆயுத பூஜைக்குப் போடிக்குப் போய்விடுவேன். தீபாவளிக்குப் போகாவிட்டாலும் ஆயுத பூஜைக்குப் போவேன். காலை பஸ்ஸில் போய், வண்டிக்குச் சந்தனம் வைத்து, மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, ஏற்றி இறக்கிவிட்டு, சாயங்காலப் பஸ்ஸில் திரும்பிவிடுவேன். அம்மாவும் அங்கேயே இருந்ததால் அவளையும் பார்த்த மாதிரி ஆகிவிடும்.

இப்போது கீறலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது மனுவில் வர வேண்டியதில்லை. ஆனால் வந்தாலும் எனக்குத்தான் பலம்.

ஒரு வருஷம் போகிறேன், டிரைவர் பக்கத்துக் கதவில் கைப்பிடிக்குக் கீழே ஒரு கீறல். ஒரு சாண் நீளம். பெயிண்ட் போய்த் தகரம் தெரிகிறது. யார் செய்தது என்றேன். அத்தான், "தெரியலப்பா. சைக்கிளு ஏதாச்சும் உள்ள விட்டுருப்பாங்க" என்றார். குடோனில் சைக்கிள் எதற்கு வருகிறது என்று கேட்டேன். அக்கா மகள் பள்ளிக்கூடம் போகிற சைக்கிள், மழைக்கு உள்ளே நிறுத்தினாளாம். நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. அன்றைக்குப் பேசினேன். ஒரு பொருளை நம்பி விட்டால் நம்பினவனுக்கு என்ன மரியாதை என்று கேட்டேன். சாப்பிடாமல் வந்துவிட்டேன். அதற்கப்புறம் இரண்டு வருஷம் போகவில்லை. ஆயுத பூஜைக்கும் போகவில்லை.

அதற்கு நடுவில் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் வந்தது. ஆமாம், சைக்கிள்காரிதான். நான் தாய்மாமன். எனக்குத்தான் முதல் பத்திரிகை, அதெல்லாம் முறையாகக் கொண்டுவந்து வைத்தார்கள். நான் போகவில்லை. மாமன் மாலையை யாரோ பங்காளி ஒருத்தர் எடுத்துக் கொடுத்தாராம். அதற்கு நான் என்ன செய்ய முடியும்? ஒருத்தராவது 'கீறலுக்கு நாங்கள்தான் பொறுப்பு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் போயிருப்பேன்.

கடைசியில் சொன்னார். அத்தானே மதுரைக்கு வந்தார். ஒரு மஞ்சள் பையோடு வாசலில் நின்று, "தப்புதான்ப்பா, வா, அத்தை உன்னையே கேக்குறாங்க" என்றார். அத்தை என்றால் என் அம்மா. நானும் போனேன். மனசில் வைத்துக்கொள்கிறவன் இல்லை நான்.

இதுவரை தெரிகிறதா? இதுவரை நான் சொன்னதெல்லாம் என் கார். என் அப்பா காரில் விழுந்த கீறல். இனிமேல் நான் சொல்லப்போகிற பதினெட்டு ஆயுத பூஜையும் வேறு.

அதாவது, நான் எப்போதும்போல் போவேன். குடோன் பின்சுவர் புதிதாகக் கட்டியிருந்தது. அதை நான் பார்த்தேன். நன்றாகக் கட்டியிருக்கிறீர்களே என்றுகூடச் சொன்னேன். அத்தான் தலையாட்டினார். வண்டி புதுப் பெயிண்டில் பளிச்சென்று நின்றது. ஏன் அடித்தீர்கள் என்று கேட்டதற்கு, "துரு ஏறுதுப்பா" என்றார். எஞ்சின் இறுகிவிட்டது, இனி ஸ்டார்ட் ஆகாது என்றார். அதனால் பூஜையன்று நான் ஸ்டியரிங்கில் உட்காருவேன், அத்தான் பின்னாலிருந்து தள்ளுவார். எலுமிச்சம்பழம் நசுங்குகிற சத்தம் கேட்டதும் நிறுத்தச் சொல்வேன். போன வருஷம்கூட அவர்தான் தள்ளினார். மூச்சு வாங்கியது. சர்க்கரையைக் குறையுங்கள் அத்தான் என்றேன்.

கதவைத் திறந்தால் ஏலக்காய் வாசனை. அதே வாசனை. இத்தனை வருஷம் ஆகியும் போகவில்லை பாருங்கள் என்று ஒவ்வொரு வருஷமும் சொல்வேன். என் ஆபீசில் சொல்லியிருக்கிறேன். கண்ணைக் கட்டி ஆயிரம் காருக்கு நடுவில் விட்டாலும் அப்பா வண்டியை நான் கண்டுபிடித்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அந்தக் கீறலும் இருந்தது. புதுப் பெயிண்ட் அடித்தும் அது இருந்தது. அதே இடம், கைப்பிடிக்குக் கீழே. இத்தனை செலவழித்தவர் இதைச் சரிசெய்யக் கூடாதா என்று எனக்கு எரிச்சல். ஒவ்வொரு வருஷமும் அதன்மேல் விரலை வைத்துக் காட்டுவேன். "பாத்தீங்களா அத்தான்." அவர், "ஆமாப்பா" என்பார். அவ்வளவுதான்.

அம்மா இருந்தவரைக்கும் முன்சீட்டில் என் பக்கத்தில் வந்து உட்காருவாள். அவளுக்கு ஏறுவது சிரமம், அக்கா பிடித்து ஏற்றிவிடுவாள். வண்டி எங்கேயும் போகாது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அப்பாவைப் பற்றிப் பேசுவேன். அம்மா ரோட்டைப் பார்க்க மாட்டாள், ரோடு எங்கே இருக்கிறது, சுவர்தான். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அப்பாவை நினைத்துக்கொள்கிறாள் என்று நினைத்தேன்.

அம்மா போனதற்கப்புறமும் நான் நிறுத்தவில்லை. வண்டி இருந்ததே.

போன வருஷம் ரிட்டையர் ஆனேன். கையில் நேரம் வந்தது. வண்டியை மதுரைக்குக் கொண்டுவந்து, எஞ்சினைப் பிரித்து, அப்பா ஓட்டின மாதிரி ஓட்ட வேண்டும் என்று ஆசை. பழைய கார்க்காரர்கள் சங்கம் ஒன்று இருக்கிறது, அவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை ஊர்வலம் போகிறார்கள். புக்கைத் தேடினால் இல்லை. சரி, டூப்ளிகேட் வாங்கலாம் என்று அத்தானுக்குப் போன் செய்தேன்.

"எதுக்குப்பா இப்ப? நிக்கிற வண்டிக்குப் புக்கு எதுக்கு?"

"ஓட்டப் போறேன் அத்தான்."

"அது ஓடாதேப்பா" என்றார்.

வயசானால் மனுஷனுக்கு உற்சாகம் போய்விடுகிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் எப்போது கூப்பிட்டாலும் ஒரு சாக்கு. குடோன் சாவியைக் காணோம். குடோனில் பாம்பு இருக்கிறது. கண் ஆபரேஷன். அக்காவுக்கு முழங்கால். நானும் பொறுத்தேன். இந்தப் பக்கம் நீங்கள் அடித்துக் கொடுத்த மனுவை ஸ்டேஷனில் கொடுத்து, 'கண்டுபிடிக்க இயலவில்லை' என்று எழுதி வாங்கினேன். வண்டி போடியில் நிற்பதால் இங்கே தேனி ஆர்.டி.ஓ. ஆபீசில் பக்ருதீனைப் பிடித்தேன். உங்களுக்குத் தெரியுமே, அந்த வேப்ப மரத்தடியில் நிற்கிற புரோக்கர். அவர் சொன்னார், "எல்லாம் சரி சார், சேசிஸ் நம்பருக்குப் பென்சில் பிரிண்ட் வேணும். அது இல்லாம பிரேக் இன்ஸ்பெக்டர் தாளைத் தொடவே மாட்டாரு."

வண்டியின் இரும்புச் சட்டத்தில் நம்பர் வெட்டியிருக்கிற இடத்தில் தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கப்போட்டுத் தேய்த்தால் நம்பர் எழும்பி வரும். சின்னப் பிள்ளையில் காசுமேல் தாள் வைத்துத் தேய்ப்போமே, அதேதான். கம்ப்யூட்டர் வந்தும் இதை விடவில்லை பாருங்கள்.

போன புதன்கிழமை சொல்லாமல் போய் நின்றோம், நானும் பக்ருதீனும். அக்கா கதவைத் திறந்தாள். பக்ருதீன் கையில் தாளையும் பென்சிலையும் பார்த்தாள். "அவரு படுத்திருக்காரு" என்றாள். அவர் படுக்கவில்லை, பின்னால் நின்றுகொண்டிருந்தார். சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். தொலைந்துபோன சாவி, ஆணியில் மாட்டியிருந்தது.

பக்ருதீன் பானட்டைத் தூக்கிவிட்டுக் குனிந்து தடவினார். இருட்டாக இருக்கிறது என்றார். அத்தான் டார்ச்சைக் கொண்டுவந்து பிடித்தார். பக்ருதீன் கிரீசைத் துடைத்து, தாளை வைத்துத் தேய்க்கத் தேய்க்க, டார்ச் வெளிச்சம் வேறு பக்கம் விலகிக்கொண்டே இருந்தது. "கொஞ்சம் நம்பர்மேல பிடிங்க அத்தான்" என்றேன். வயசு என்று நினைத்தேன்.

பக்ருதீன் அப்போதே ஒரு மாதிரி தாளைப் பார்த்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

தாளை ஆபீசுக்குக் கொண்டுபோய்ப் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தோம். நல்ல மனுஷர், சின்ன வயசு. பழைய ரிஜிஸ்டரை மதுரையிலிருந்து வரவழைத்து வைத்திருந்தார். அதையும் பென்சில் பிரிண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார்.

"சார், புக்குல உள்ள வண்டி உங்களுது. அங்க நிக்கிற வண்டி அது இல்ல."

"முப்பது வருஷமா அங்கேதான் சார் நிக்குது" என்றேன்.

"நம்பர் பலகைதான் சார் நிக்குது."

ஒரு எழுத்தோ ரெண்டு எழுத்தோ தேய்ந்திருக்கும் என்றேன். அவர் தாளை என் பக்கம் திருப்பினார். ஒரு இலக்கம்கூட ஒன்றுபோல் இல்லை. அது வேறு வருஷத்து வண்டியாம். என் அப்பா வண்டியைவிட நாலு வயசு இளசு.

அவர் ரெண்டு வழி சொன்னார். வண்டியை மாற்றியது யார் என்று எழுதி ஸ்டேஷனில் புகார் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்தால் என் பெயரில் உள்ள பதிவு சுத்தமாக இருக்கும், என்மேல் ஒன்றும் வராது, மேற்கொண்டு பார்க்கலாம். இல்லையென்றால் பேசாமல் போய்விட வேண்டும். அவரும் அந்தத் தாளைப் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்வார். புக் மட்டும் எந்த ஜன்மத்திலும் கிடைக்காது. வண்டி ரோட்டுக்கு வந்தால் பிடித்துப் போட்டுவிடுவார்.

வெளியே வந்ததும் பக்ருதீன், "விட்டுருங்க சார்" என்றார். "யாரும் நம்பரைத் தேய்ச்சுப் பாக்காத வரைக்கும் அது உங்க அப்பா வண்டிதானே? இத்தன வருசம் அப்படித்தானே இருந்துச்சு?" புரோக்கருக்கு எல்லாமே சுலபம்.

நான் அங்கிருந்து நேரே போடிக்குப் போனேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என் வண்டி எங்கே?"

அத்தான் நாற்காலியிலிருந்து எழுந்து, "உக்காருப்பா" என்றார்.

"உக்கார வரல. என் வண்டி எங்கே?"

"சொவரு விழுந்துருச்சுப்பா."

அவ்வளவுதான் சொன்னார். அக்கா அடுப்படியிலிருந்து வந்தாள், கையில் மாவோடு.

"அவருகிட்ட என்னடா கேக்குற? என்னக் கேளு. நீ மறுபடி வர ஆரம்பிச்ச வருசம் ஐப்பசி மழைல பின்சொவரு முச்சூடும் வண்டிமேல விழுந்துச்சு. மேல்கூரை சப்பழிஞ்சு சீட்டு வரைக்கும் எறங்கிருச்சு. போதுமா?"

"ஏன் சொல்லல?"

"சொல்லத்தான் கெளம்புனாரு. சட்டையப் போட்டுக்கிட்டு பஸ்சுக்குக் கெளம்பிட்டாரு. அம்மாதான் கையப் பிடிச்சு உக்கார வச்சாங்க."

"அம்மாவா?"

"'கீறலுக்கே ரெண்டு வருசம் வரல மாப்ளே. இது தெரிஞ்சா நான் செத்தாத்தான் வருவான். வண்டி நின்னாத்தான் அவன் வருவான். எப்படியாச்சும் ஒரு வண்டிய நிப்பாட்டிருங்க'ன்னாங்க. அப்படித்தான் சொன்னாங்க. அந்தச் சொல்லு மாறாமச் சொல்றேன்."

கேட்டீர்களா? பெற்ற தாயைப் பார்க்க வருவதற்கு ஒருத்தனுக்குக் கார் வேண்டுமா? என்னைப் பற்றி அப்படி ஒரு எண்ணம். அதை வைத்துக்கொண்டு மூன்று பேரும் கூடி முடிவெடுத்திருக்கிறார்கள். அத்தான் ஊர் ஊராக அலைந்து, கம்பத்தில் யாரோ வீட்டுக் கொல்லையில் செடி முளைத்துக் கிடந்த ஹெரால்டைக் கண்டுபிடித்து, மாட்டு வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார். அடுத்த ஆயுத பூஜைக்குள் பெயிண்ட் அடித்து நிறுத்திவிட்டார்.

நான் கேட்டேன், "அப்ப அந்தக் கீறல்?"

அத்தான் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆணியால போட்டேன்ப்பா" என்றார். "அது இல்லேன்னா கண்டுபிடிச்சுருவியேன்னு."

எவ்வளவு திட்டம் பாருங்கள். ஆணியால் போட்டிருக்கிறார். அதற்கப்புறம் நான் வருஷா வருஷம் அந்தக் கீறலைக் காட்டித் திட்டும்போது நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அத்தனை நெஞ்சழுத்தம்.

ஏலக்காய்? அக்காதான். பூஜைக்கு முந்தின நாள் புதுக் காயாக வாங்கித் தட்டி, துணியில் முடிந்து, சீட்டுக்கு அடியில் வைத்துவிடுவாளாம். நான் போனதும் எடுத்துவிடுவாளாம். நான் கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்து 'அப்பா' என்று சொல்லும்போது அவள் கதவோரமாக நின்றிருக்கிறாள். உள்ளுக்குள் எப்படிச் சிரித்திருப்பாள்?

சிரித்தாயா என்று அவளையே கேட்டேன். "இல்லடா" என்றாள். வேறு என்ன சொல்வாள்.

"ஸ்டியரிங்கு உங்க அப்பாவோடதுதான்" என்று அத்தான் சொன்னார். ஸ்டியரிங் மட்டும் உடையாமல் இருந்ததாம், அதைக் கழற்றி இந்த வண்டியில் போட்டாராம். நீ கையை வைக்கிற இடமாவது உண்மையாக இருக்கட்டும் என்றாராம். இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் வண்டியின் பாகத்தை என்னைக் கேட்காமல் வேறு வண்டியில் பொருத்தியிருக்கிறார். தனிக் குற்றமாக வரும் என்று நினைக்கிறேன்.

ஆனால் எனக்கு ஆறாதது அதுவெல்லாம் இல்லை சார். அம்மா. அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே யாருடைய வண்டியிலோ, யாரோ உட்கார்ந்து எழுந்த சீட்டில், என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அப்பா கதையைச் சொல்கிறேன், அவள் என் முகத்தையே பார்க்கிறாள். எதற்குப் பார்த்தாள் என்று இப்போதுதான் புரிகிறது. நான் கண்டுபிடிக்கிறேனா என்று பார்த்திருக்கிறாள். வேறு எதற்கு ஒருத்தி அப்படிப் பார்ப்பாள்? கண்ணைக்கூட எடுக்காமல்?

அம்மா பெயரை மனுவில் போட முடியாது. இறந்தவர்கள் பெயரைப் போடக்கூடாது இல்லையா? சரி. அக்கா பெயர் வேண்டாம். பெண்பிள்ளை, ஸ்டேஷனுக்கு அலைய முடியாது, முழங்கால் வேறு. அத்தான் ஒருவர் பெயர் போதும். அவர்தானே வண்டியை இழுத்துக்கொண்டு வந்தது.

என்ன சார், நீங்களும் பக்ருதீன் மாதிரியே பார்க்கிறீர்கள்? வீட்டுக்குள்ளே பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்றுதானே சொல்லப்போகிறீர்கள்? வீட்டுக்குள்ளே பேசி வைத்துக்கொண்டதனால்தான் நான் இங்கே வந்து நிற்கிறேன். அப்படியே விட்டுவிட்டால் அந்தக் குடோனில் நிற்பது என்ன? எனக்கு ஒரு பதில் சொல்லுங்கள். அது யார் வண்டி? அடுத்த ஆயுத பூஜைக்கு நான் எதற்குச் சந்தனம் வைப்பேன்? எதைப் பார்க்கப் போடிக்குப் போவேன்?

அடியுங்கள். 'ஐயா, நான் மேற்கண்ட முகவரியில் வசித்து வருகிறேன். எனக்குச் சொந்தமான நான்கு சக்கர வாகனத்தை எனது சகோதரியின் கணவரான மேற்படி நபரிடம் நம்பி ஒப்படைத்திருந்தேன். மேற்படி நபர் எனது நம்பிக்கைக்குத் துரோகம்' — 'மோசடி' வேண்டாமா என்கிறீர்களா? 'துரோகம்' என்றே போடுங்கள். மோசடியில் ஏதாவது ஒரு லாபம் இருக்க வேண்டும் என்று சொல்வார்கள். துரோகம் போதும்.

எதிர்மனுதாரர் பெயர்: வேலாயுதம். முன்னால் உ. போடுங்கள். உ. வேலாயுதம். வயது எழுபத்தாறு.

தகப்பனார் பெயரா?

உ என்றால்... உலகநாதன் இல்லை. உமாபதியா? நான் பார்த்ததில்லை, கல்யாணத்துக்கு முன்னாலேயே அவர் இறந்துவிட்டார். அது இல்லாமல் எடுக்க மாட்டார்களா? கட்டாயமா? சரி. ஒரு நிமிஷம் இருங்கள்.

அக்கா, நான்தான். ... இல்ல, தேனியிலதான் இருக்கேன். டைப் அடிக்கிற கடைல. ... அத்தானோட அப்பா பேர் என்ன? ... ஆமா. அதுக்குத்தான். ... சரி, கேளு.

அவரிடமே கேட்கிறாள் சார்.

உடையப்பன். உ-டை-யப்-பன். எழுதிக்கொண்டீர்களா? ... என்ன அத்தான்? ... சரி. ... சார், வயது எழுபத்தாறு இல்லையாம், எழுபத்தெட்டு. ஆதாரில் அப்படித்தான் இருக்கிறதாம். கதவு எண்ணும் மாறிவிட்டதாம், பழைய எண்ணைப் போட்டால் ஸ்டேஷனில் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். புது எண் நாற்பத்தொன்று, கீழத் தெரு. அதையே போடுங்கள்.

இல்லக்கா. சாப்பிட்டேன். ... சாப்பிட்டேன்னு சொல்றேன்ல.

ரெண்டு பிரதி வேண்டும் சார். கார்பன் வைத்திருக்கிறீர்கள்தானே? ஆரம்பியுங்கள். 'பெறுநர்' என்று... ஏன் நிறுத்திவிட்டீர்கள்? போனை இன்னும் வைக்கவில்லை, அவ்வளவுதான். அவர்களும் வைக்கவில்லை. நீங்கள் அடியுங்கள்.